நிதி நிக்ஷேபம் என்று உரக்கப் படித்தேன்

கல்வெட்டுப் படியெடுக்கிற வேலை என்றால் பாதி நேரம் கல்லைத் தேய்த்துக் கழுவுவது, மீதி நேரம் "சத்தியமா புதையல் இல்லீங்க" என்று ஊராரிடம் கெஞ்சுவது. ஆபீஸ் திருப்பதியில். அலைச்சல் சித்தூரிலிருந்து சத்தியவேடு வரைக்கும். கல்லை நனைத்து, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒத்தினால், கறுப்புத் தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். மைப்படி என்போம். பதினாறு வருஷமாக எடுக்கிறேன். இன்றைக்கும் தாளை உரிக்கும்போது, உளி பிடித்தவன் இப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறான் என்று தோன்றும்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்லைத் தேடிப் போய் நாய்க்குப் பயந்து வரப்பில் உருண்டிருப்பீர்கள், கரும்புத் தோகை கிழித்த கையோடு ரிப்போர்ட் எழுதியிருப்பீர்கள். மற்றவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே படியுங்கள். நகரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர், அதில் ஒரு மாந்தோப்பு, அதில் ஒரு கல். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் நாலு பேர் கடப்பாரையோடு கிளம்புவீர்கள், எனக்குத் தெரியும். அந்தக் கல் என் வாய்க்கொழுப்பால் சல்லியாகப் போக இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

மை போடுகிற மேடம்

தோப்புக்காரர் பேர் கண்ணையன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முப்பது பெங்களூரா மாமரம், ஒரு கிணறு, கிணற்றோரத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கிற ஒரு பலகைக்கல். தலைமுறை தலைமுறையாக அதில்தான் எருமை கட்டுகிறார்கள். நானும் எங்கள் அட்டெண்டர் முனிரத்னமும் ஒரு காலையில் போய் இறங்கினோம். முனிரத்னம் வயசில் எனக்கு மூத்தவர். குடம், பிரஷ், மை எல்லாம் அவர் பொறுப்பு. ஊராரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு. அங்கேதான் வினை. "இந்த மேடம் பெரிய ஆளு. கல்லுக்கு மை போட்டுப் பாக்க வந்துகீறாங்க" என்று கண்ணையனிடம் சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் மை போட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வெற்றிலையில் மை தடவி, களவு போன சாமான் எங்கே இருக்கிறது என்று குறி சொல்வது. கண்ணையன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நின்றார். அவர் மனைவி ஜெயம்மா உள்ளே ஓடி வெற்றிலை, தேங்காய், கற்பூரம் கொண்டுவந்து கல் முன்னால் வைத்தார். எனக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று புரியவில்லை. அரசாங்க ஆள் என்று மரியாதை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

வெயில் ஏறுவதற்குள் படி எடுத்து முடித்தேன். மண்ணுக்கு மேலே தெரிந்த மட்டும் இருபத்திரண்டு வரி. ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. விஜயநகரக் காலத்துத் தமிழ், நடுவில் கிரந்தம். தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அவர்களுக்குக் காட்டினேன். கண்ணையன் முன்னால் வந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். போன மாசம் காணாம போன எங்க எரும இதுல எங்க தெரிது?"

போனவன் வரவில்லை

மத்தியானம் டீ குடிக்க ரோட்டுக்கு வந்தோம். டீக்கடைக்காரருக்கு நாங்கள் வந்த சேதி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. "அந்தக் கல்லுக்கு அடியில சுரங்கம் கீது மேடம். நேரா சந்திரகிரி கோட்டைக்கிப் போவுது" என்றார்.

சந்திரகிரி கோட்டைக்குச் சுரங்கம் இல்லாத ஊரை நான் இந்தப் பதினாறு வருஷத்தில் பார்த்ததில்லை. ஏர்பேட்டில் ஒன்று, கங்காதர நெல்லூரில் ஒன்று, புத்தூரில் இரண்டு. எல்லாம் உண்மையாக இருந்தால் பூமிக்குள் ரேணிகுண்டாவைவிடப் பெரிய ஜங்ஷன் இருக்கவேண்டும். ஆரம்பத்தில் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை. இந்த மனிதர் பொழுது விடிந்தால் அடுப்பு, பொழுது சாய்ந்தால் பாத்திரம் என்று நிற்கிறவர். தன் காலுக்குக் கீழே ஒரு ராஜா நடந்துபோன வழி இருக்கிறது என்ற நினைப்பு அவரை எப்படி நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை எந்த வாத்தியாரும் சொல்லாமல் ஒரு ஜில்லாவே சேர்ந்து நம்புகிறது.

ஆனாலும் என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "அது சந்திரகிரிக்குத்தான் போவுதுன்னு எப்படித் தெரியும்? யாராச்சும் உள்ள போயிருக்காங்களா?" என்று கேட்டேன். "போயிருக்கான் மேடம், அந்தக் காலத்துல ஒருத்தன். திரும்பி வர்ல" என்றார். "வராதவன் எப்படி வந்து சொன்னான்?" என்று மடக்கினேன். அவர் டீயை ஆற்றியபடியே என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அதான் வர்லியே மேடம். அப்போ போய்ச் சேந்துட்டான்னுதானே அர்த்தம்."

முதலில் படித்தவர்

திரும்பித் தோப்புக்கு வந்தால் தாள் காய்ந்துகொண்டிருந்தது. மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தோம். கண்ணையன் வீட்டு ஆடு ஒன்று கட்டிலோரம் நின்று மென்றுகொண்டிருந்தது. அதன் தாடியில் கறுப்பு மை. முனிரத்னம் "ஐயையோ" என்று ஓடினார். கீழ்ப்பாதியில் ஆறு வரி போயிருந்தது.

அழுகையே வந்துவிட்டது எனக்கு. ஜெயம்மா ஆட்டை முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, "துன்னதுல இன்னா எழுதிக்கீது மேடம்?" என்று கேட்டார். "தெரியலயே, இன்னும் படிக்கவே இல்லயே" என்றேன். "எங்களுக்கும் தெரியாது" என்றார் அவர். கண்ணையன் வீட்டில் பேச்சு தமிழ், படிப்பு தெலுங்கு. பஸ் போர்டு தெலுங்கு, நிலத்துப் பாஸ்புக் தெலுங்கு. தமிழ் எழுத்து ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். புத்தூரில் தெலுங்கு மீடியம். திருப்பதியில் கல்லூரிக்கு வந்து, கல்வெட்டு வகுப்பில்தான் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். சோழர் காலத்து ழகரத்தை முதலில் கற்றுக்கொண்டு, அப்புறம்தான் காலண்டரில் இருக்கிற ழகரத்துக்கு வந்தேன். இதை அவர்களிடம் சொன்னதும் என்மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது. நாளைக்கு வந்து மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆட்டைக் கட்டிவைப்பதாகவும் சொன்னார்கள்.

போகும்போது ஜெயம்மா வாசல்வரை வந்தார். "வருத்தப்படாத மேடம். எங்க ஊட்ல தமிழ் பட்ச்ச மொத ஆளு அந்த ஆடுதான்."

நிதி

மறுநாள் தோப்பில் முப்பது பேர். மை போடுகிற மேடத்தின் புகழ் அப்படி. நல்லபடியாகப் படி எடுத்து, ஆடு எட்டாத உயரத்தில் காயப்போட்டேன். "இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுக் காட்டேன்" என்று கண்ணையன் கேட்டார். ஐந்நூறு வருஷமாக அவர் வீட்டுக் கிணற்றோரம் நிற்கிற எழுத்து. கேட்க அவருக்கு உரிமை இல்லையா? நான் கல் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன்.

அது ஒரு நிலதானக் கல்வெட்டு. "மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்" என்று வந்தது. அத்தனை பேருக்கும் அது காதால் புரிந்துவிட்டது. ஒரு தமிழ் எழுத்தும் தெரியாத மனிதர் கண்ணையன், தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார், அப்புறம் குனிந்து கிணற்றைப் பார்த்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின வாய் பேசுகிறது, இந்தக் காது கேட்கிறது, நடுவில் நான் ஒருத்தி. அந்தக் கிறுகிறுப்பில் நிறுத்தத் தோன்றவில்லை. அடுத்த வரியையும் கணீரென்று படித்தேன். "நிதி நிக்ஷேப ஜல பாஷாண..."

தொழில் தெரிந்தவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். அது பத்திரம் எழுதுகிறவர்களின் வாய்ப்பாடு. தானம் வாங்கியவனுக்கு நிலத்தில் என்னென்ன உரிமை என்று பொதுவாகச் சொல்லிப்போவது. புதையல் கிடைத்தாலும் அவனுக்கு, தண்ணீர் கிடைத்தாலும் அவனுக்கு, கல் கிடைத்தாலும் அவனுக்கு. நூறு பத்திரத்தில் நூறிலும் இருக்கும். ஆனால் தெலுங்கு படித்த காதுக்கு நிதி என்றால் புதையல், நிக்ஷேபம் என்றால் பத்திரமாகப் புதைத்து வைத்த பொருள். "கிடைத்தால் என்றுதான் அர்த்தம், இருக்கு என்று அர்த்தமில்லை" என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டார்கள்? அதுவரை நான் புதையல் இல்லை என்று சொன்னதையெல்லாம் என் வாயாலேயே நான் அழித்துவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமாண்டா, மேடமே சொல்லிட்டாங்க. கல்லுலயே எழுதிக்கீது."

வியாழக்கிழமை

ஒரு வாரம் கழித்து ஜெயம்மா போன் செய்தார். ராத்திரி யாரோ வந்து கல்லைச் சுற்றித் தோண்டிவிட்டார்கள் என்றார். நானும் முனிரத்னமும் போய்ப் பார்த்தோம். கல்லைச் சுற்றி மூன்று குழிகள், ஆள் ஆழம். நாலு மாமரத்துக்கு வேர் அறுந்து இலை வாடித் தொங்கியது. கிணற்றுக் கரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கல் அடிமண் இல்லாமல் சாய்ந்துபோய்க் கிடந்தது. அதன் ஒரு மூலை கடப்பாரை பட்டுச் சிதறியிருந்தது. யார் வந்து தோண்டினார்கள் என்று தெரியவில்லை. மறுபடி வருவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கண்ணையன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குவாரியில் கம்ப்ரஸர் வைத்திருப்பவனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் வந்து கல்லில் துளை போட்டு உடைத்துக் கொடுத்துவிடுவான். நான் பதறினேன். காவலுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஆபீஸில் கேட்டதற்கு மண்டல ஆபீசுக்கு லெட்டர் போகணும், அங்கிருந்து பதில் வரணும், ஒரு மாசமாவது ஆகும் என்றார்கள். மூன்று பக்கத்துக்கு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "ஒரு மாசம் எவன் முழிச்சிக்கினு கெடக்கறது?" என்றார் கண்ணையன். "கல்லு இருந்தாதானே நிதி? கல்லே இல்லன்னா எவன் வருவான்?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? மரம் அவருடையது, தூக்கம் அவருடையது. கெடுத்தது நான். கடைசியாக ஒன்று கேட்டேன். புதன்கிழமை வந்து, சாய்ந்ததால் வெளியே தெரிகிற பாகத்தையும் சேர்த்து ஒரே ஒரு படி எடுத்துக்கொள்கிறேன், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன்.

"எடுத்துக்கினு போ. ஆனா சத்தமா மட்டும் படிக்காத."

பின்பக்கம்

புதன்கிழமை காலையில் நானும் முனிரத்னமும் குழிக்குள் இறங்கினோம். இத்தனை நாள் கரைமண்ணில் புதைந்திருந்த கல்லின் முதுகு முழுக்கச் சேறு அப்பியிருந்தது. எழுத்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி, தென்னை நாரால் மெல்லத் தேய்த்தேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொன்னேன். எழுத்து. முன்பக்கத்து எழுத்தைவிடக் குறைந்தது ஐந்நூறு வருஷம் மூத்த எழுத்து. விஜயநகரக் காலத்தில் பத்திரம் எழுதினவனே இந்தக் கல்லைப் பழங்கல்லாகப் பார்த்து, திருப்பி நட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். முனிரத்னம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி மேலே எறிந்தார்.

மேலே கண்ணையனும் ஜெயம்மாவும் நின்றிருந்தார்கள். வாக்குக் கொடுத்தபடி நான் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன். கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா முணுமுணுன்னு? வெளிய சொல்லு" என்றார். நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். "இவ்வூர் ஏரிக்கு ஆண்டுதோறும் குழி குத்தி..." குழி என்றதும் அவர் முகம் கறுத்தது. நான் அவசரமாக மேலே போனேன். "...மண் எடுத்துக் கரை மேல் இடுவதாக" என்று. ஏரியைத் தூர் வாரிக் கரையை உயர்த்த ஒருத்தன் நிலம் எழுதிவைத்திருக்கிறான். "ஏரியா?" என்றார் கண்ணையன். "எங்க பாஸ்புக்குல இந்த நெலத்துக்குப் பேரே ஏரிவாயிதான். எங்க நைனா காலத்துலயே இங்க ஏரி இல்ல. ஏன் அந்தப் பேருன்னு எவனுக்கும் தெர்ல." சொல்லிவிட்டுக் குழியோரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி வரி. "இது காத்தான் அடி என் முடி மேலது." அவர் நெற்றியைச் சுருக்கினார். "காத்தவனுக்கு அடியா? முடியப் புடிச்சா?" இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. அடி என்றால் உதை இல்லை, பாதம். முடி என்றால் தலை. இந்தக் கல்லில் சொன்ன தர்மத்தை எதிர்காலத்தில் எவன் காப்பாற்றுகிறானோ, அவன் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று எழுதிவைத்தவன் சொல்கிறான் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அவன் பேரு இன்னா?" என்று கேட்டார். பேர் இருந்த மூலைதான் சிதறிப்போயிருந்தது. ஆயிரம் வருஷம் தாங்கின பேர், நான் வாயை அடக்காததால் ஒரே வாரத்தில் போய்விட்டது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

கண்ணையன் எழுந்து போய் ஒரு மரத்தடியில் நின்று போன் செய்தார். "ரேப்பு ராவொத்து நாயனா" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. நாளைக்கு வரவேண்டாம் என்று கம்ப்ரஸர்காரனுக்குச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து, கல்லை நிமிர்த்திக் குழியை மூட எத்தனை ஆள் வேண்டும் என்று முனிரத்னத்திடம் கேட்டார். அப்புறம் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, கிணற்றுப் பக்கம் நடந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"காலெல்லாம் சாணி மேடம். ஒருத்தன் தலைல வெச்சிக்கிற காலு. கழுவிக்கினு வரேன்."

நான் எழுதிய மூன்று பக்க லெட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை, பேர் தொலைத்த ஒருத்தன் வெட்டிவைத்த ஆறு வார்த்தைக்கு ஆயிரம் வருஷம் கழித்துக் கையோடு பதில் வந்துவிட்டது.